பதிவான பாட்டில் தெய்வம் உண்டா?

ஒரு தெய்வத்தின் முன் பாடப்படும் பாட்டைக் கருவியில் பதிந்துவைத்து, வேறொரு நாளில், வேறொரு வீட்டில் ஒலிக்கச் செய்தால், அப்பாட்டுக்குரிய புனிதமும் அதனுடன் வருமா, அல்லது வெறும் ஓசை மட்டுமே வந்து சேருமா என்பது சமயச் சிந்தனை இன்று விடை காண வேண்டிய வினாக்களுள் ஒன்றாகும். ஒலிப்பதிவு என்பது நகரத்து நிலையங்களின் தொழிலாக இருந்தவரை இவ்வினா மிகச் சிலரையே தொட்டது. ஒரு மைக்கும் ஒரு மடிக்கணினியும் வாங்க முடிந்த எந்தக் குடும்பமும் தன் வீட்டு அறையிலேயே பதிவைத் தொடங்கலாம் என்ற நிலை வந்தபின், புதிதாகக் கருவி வாங்கும் ஒவ்வொருவரும் அறிந்தோ அறியாமலோ இதற்கு ஒரு விடையைச் செயலால் சொல்லிவிடுகின்றனர்.

திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள ராதாபுரம் வட்டாரம் இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற நிலம். ராதாபுரத்தில் வரகுணபாண்டீஸ்வரர் கோயில் சைவ மரபின் சாட்சியாக நிற்கிறது; சுற்றுப்புற ஊர்களில் சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன் முதலிய தெய்வங்களுக்குக் கொடை விழாக்கள் நடைபெறுகின்றன; கிழக்கிலும் தெற்கிலும் இடிந்தகரை, கூத்தங்குழி போன்ற கடற்கரை ஊர்களில் கத்தோலிக்க வழிபாடு வேரூன்றியுள்ளது. இம்மரபுகள் அனைத்திலும் வழிபாட்டின் நடுவே நிற்பது மனிதக் குரலே என்பதால், குரலைப் பிடிக்கும் கருவி இங்கு வழிபாட்டின் நடுப்பகுதியையே தொடுகிறது.

இவற்றுள் கொடை விழாவில் பாடப்படும் வில்லுப்பாட்டை முதன்மைச் சான்றாகக் கொள்ளலாம். கொடை என்பது ஊரோ குலமோ தன் தெய்வத்துக்குப் படையலும் பலியும் பாட்டும் ஆட்டமும் அளித்து நிறைவேற்றும் விழா. அதில், மணிகள் கட்டிய நீண்ட வில்லை வீசுகோலால் தட்டியவாறு அண்ணாவி என்னும் முதற்பாடகர் தெய்வத்தின் கதையைப் பாட, குடம், உடுக்கை, தாளம், கட்டை ஆகியவற்றை இசைப்போர் அவருக்குத் துணை நின்று பின்பாட்டுப் பாடுவர். சிவனருளால் பிறந்த தெய்வங்களின் கதைகளும், மனிதராய் வாழ்ந்து வெட்டுண்டோ தம்மை மாய்த்துக்கொண்டோ இறந்தபின் தெய்வமானோரின் கதைகளும் அவ்வாறு பாடப்படுகின்றன. கதை அதன் உச்சத்தை நெருங்கும்போது, பாட்டின் வேகமும் குடத்தின் அடியும் பெண்களின் குலவையும் ஒன்றுகூட, கோமரத்தாடிக்கு, அதாவது அத்தெய்வத்தைத் தம் உடலில் ஏற்று ஆடும் உரிமை பெற்றவருக்கு, அருள் வருகிறது. ஆகவே இப்பாட்டு ஒரு கதையைச் சொல்லும் பணியோடு நிற்பதில்லை. தெய்வத்தை அழைக்கும் பணியையும் அது செய்கிறது. கொடைகளில் ஆடப்படும் கணியான் கூத்தில் மகுடம் என்னும் பறையின் முழக்கமும் அண்ணாவியின் பாட்டும் செய்வது இதே பணிதான்.

இனி, கருவி செய்வது என்ன என்பதைக் காண வேண்டும். ஒலி என்பது காற்றில் பரவும் அழுத்த வேறுபாடு. மைக்கினுள் உள்ள மெல்லிய தகடு அவ்வேறுபாட்டால் அதிர்ந்து, அதை மின்னலையாக மாற்றுகிறது. காந்தத்தின் நடுவே ஒரு கம்பிச்சுருள் அசைவதால் மின்னலை தோன்றும் வகை டைனமிக் மைக் எனவும், மின்னூட்டம் பெற்ற இரு தகடுகளுக்கு இடையிலான தூரம் மாறுவதால் தோன்றும் வகை கண்டென்சர் மைக் எனவும் வழங்கப்படுகின்றன. பின்னதற்குப் பெரும்பாலும் 48 வோல்ட் மின்னழுத்தத்தை வெளியிலிருந்து தர வேண்டும். ஆடியோ இன்டர்ஃபேஸ் என்னும் சிறு பெட்டி அம்மின்னலையைப் பெருக்கி, எண்களாக மாற்றிக் கணினிக்கு அனுப்புகிறது. குறுந்தகட்டின் தரத்தில் ஒரு நொடிக்கு 44,100 முறை அலையின் உயரம் அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. 24 பிட் என்னும் தரத்தில் அப்படிகளின் எண்ணிக்கை 1 கோடியே 67 லட்சத்தைத் தாண்டும்.

இவ்விடத்தில் பரவலாக நிலவும் ஓர் ஐயத்தை நீக்கிவிட வேண்டும். ஒலியைத் துண்டு துண்டாக அளப்பதால் துண்டுகளுக்கு இடையே இருந்தது தொலைந்துவிடுகிறது என்றும், பதிவில் உயிர் இல்லாமற் போவதற்கு அதுவே காரணம் என்றும் சிலர் கருதுகின்றனர். ஓர் அலையில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப்போல் இரு மடங்குக்கு மேற்பட்ட முறை அதை அளந்தால், இடைவெளிகளில் இருந்த வடிவத்தையும் பிழையின்றி மீட்டெடுக்கலாம் என்பது 1928இல் நைக்விஸ்ட் வகுத்து 1949இல் ஷானன் நிறுவிய கணிதத் தேற்றத்தின் முடிவு. மனிதச் செவி கேட்கும் எல்லை நொடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வுகள் ஆதலால், நொடிக்கு 44,100 அளவுகள் செவிக்கு எட்டும் அனைத்தையும் அடக்கப் போதுமானவை. எனவே பதிவில் புனிதம் குறைகிறது என்று சொல்வதானால், அதற்கான காரணத்தை எண்களுக்கு இடையே தேடுவதில் பயனில்லை; வேறிடத்தில்தான் தேட வேண்டும்.

ஒலி எத்தகைய பொருள் என்பதைப் பற்றி இந்தியத் தத்துவ மரபுகள் நெடுங்காலம் வாதிட்டுள்ளன. சொல் என்றும் உள்ளது, அதாவது நித்தியமானது, என்பது மீமாம்சகர் கொள்கை. அவர்கள் கருத்தில் பாடுவோரின் தொண்டை சொல்லைப் படைப்பதில்லை, ஏற்கெனவே உள்ளதை வெளிப்படுத்த மட்டுமே செய்கிறது. நியாய நூலார் இதை மறுத்து, ஒலி ஆகாயத்தின் குணம் என்றும், தோன்றிய கணத்தை அடுத்தே அழிந்து, நீரலை அடுத்த அலையை எழுப்புவதுபோல் தன்னையொத்த மற்றோர் ஒலியை எழுப்பிச் செவியை அடைகிறது என்றும் கூறுவர். பௌத்த அளவை நூலாரும் ஒலி நிலையற்றது என்னும் கட்சியினரே. செய்யப்படுவது எதுவோ அது அழியும் என்பதற்குக் குடத்தை எடுத்துக்காட்டி ஒலியின் நிலையாமையை நிறுவும் அனுமானம் மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் தமிழிலேயே இடம்பெற்றுள்ளது. சமணரோ ஒலியைப் பருப்பொருளின் பாற்படுத்துவர். சமண முனிவரான பவணந்தி நன்னூலில் எழுத்தொலிக்கு முதற்காரணமாக அணுத்திரளைக் கூறுவது இம்மரபின் வழிவந்ததே.

இக்கொள்கைகளைப் பதிவுக்குப் பொருத்திப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு விடையைத் தருகிறது. நியாய மரபின்படி, ஒலிபெருக்கியில் கேட்பது கொடையன்று எழுந்த அதே ஒலியாக இருக்க முடியாது. அதனோடு ஒத்த வகையைச் சேர்ந்த புதிய ஒலியே அது. சமண மரபின்படியும் வேறு அணுக்களால் ஆன வேறு பொருளே ஒலிக்கிறது. மீமாம்சை மட்டுமே, தொண்டைக்குப் பதிலாக ஒலிபெருக்கியின் தகடு அதே நித்தியச் சொல்லை வெளிப்படுத்துகிறது என்று சொல்ல இடமளிப்பதுபோல் தோன்றுகிறது. ஆனால் அம்மரபே, சொல் எவ்வளவு நித்தியமானதாயினும் சடங்கின் பயன் விளைவதற்கு அதைச் செய்யும் உரிமையும் சங்கற்பமும் உடைய ஒருவர் வேண்டும் என்று வலியுறுத்துகிறது. சங்கற்பம் என்பது இன்னதை இன்ன பயன் கருதிச் செய்கிறேன் என்னும் உறுதி; அவ்வுறுதி கருவிக்கு இல்லை. ஆக, ஒலியின் இயல்பைப் பற்றி எதிரெதிர் நிலைகளில் நிற்கும் மரபுகளும், கருவி தானே ஒரு வழிபாட்டைச் செய்துவிட முடியாது என்னும் முடிவில் ஒன்றுபடுகின்றன.

சைவ சித்தாந்தம் இதை மேலும் நுட்பமாக விளக்க உதவுகிறது. அது வாக்கை நான்கு நிலைகளாகப் பகுக்கிறது: உள்ளத்தின் ஆழத்தில் வேறுபாடின்றி ஒடுங்கியிருக்கும் சூக்குமை, எழுத்து வேறுபாடு இன்னும் விரியாத பைசந்தி, பிறர் செவிக்குக் கேளாமல் தன்னுள்ளேயே சொல்லாக உருப்பெறும் மத்திமை, பல்லும் நாவும் உதடும் கூடிப் பிறர் கேட்க வெளிப்படும் வைகரி. மைக் எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் அதனால் பெறத்தக்கது வைகரி ஒன்றே. மற்ற மூன்றும் பாடுபவரிடமே தங்கிவிடுகின்றன. தொல்காப்பியமும் பிறப்பியலில், உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நின்று எழுத்தாவதை விளக்கியபின், அகத்தே எழும் ஒலியின் அளவு மறைநூலுக்கு உரியதென ஒதுக்கி, புறத்தே பொருள்தர ஒலிப்பதை மட்டுமே தன் எல்லையாக வரையறுத்துக்கொண்டது. இலக்கணம் தனக்கு வகுத்துக்கொண்ட இந்த எல்லையே பதிவுக் கருவிக்கும் எல்லையாகிறது. அவ்வெல்லையை அறிந்து செயல்படுவது கருவிக்கு இழுக்கு ஆகாது.

அப்படியானால் புனிதம் எங்கே உள்ளது? கொடையின் அமைப்பே இதற்கு விடை தருகிறது. அங்கே ஒருவர் அழைக்கிறார். ஒருவர்மீது அருள் வருகிறது. ஊர் அதைக் கண்டு ஏற்கிறது. கோமரத்தாடியின் ஆட்டம் முறுகும்போது அண்ணாவி அதைப் பார்த்துப் பாட்டை நீட்டுகிறார், குடக்காரர் அடியை விரைவாக்குகிறார், ஆட்டம் தணிந்தபின் கதை தொடர்கிறது. பாட்டு தெய்வத்துக்குச் செவிகொடுத்துத் தன்னை மாற்றிக்கொள்கிறது என்பதுதான் இதன் பொருள். பதிவுக்கு இந்த ஆற்றல் இல்லை. எவர் முன் ஒலித்தாலும், எவர்மீது அருள் வந்தாலும், அது தான் பதிவான நாளின் காலத்திலேயே ஓடி முடியும். புனிதம் ஓசையின் ஒரு பண்பாக இருந்திருந்தால் அது ஓசையோடு நகர்ந்திருக்கும். அழைப்போருக்கும் வருவோருக்கும் இடையிலான உறவில் அது உள்ளமையால், அவ்வுறவு நிகழும் இடத்தையும் நேரத்தையும் விட்டு அது பெயர்வதில்லை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அம்மன் திரைப்படங்கள் ஓடிய அரங்குகளில் பெண்கள் அருள் வந்து ஆடியதைத் தமிழகம் கண்டிருக்கிறது; கூம்பு ஒலிபெருக்கியில் எல். ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல் எழுந்தவுடன் மெய்சிலிர்த்துக் கைகூப்புவோர் எந்த ஊரிலும் உண்டு. பதிவுக்கு அழைக்கும் ஆற்றல் இல்லையென்றால் இவை எவ்வாறு நிகழ்கின்றன என்று கேட்பது நியாயமே. ஆனால் அவ்வாறு ஆடியவர்கள் அத்தெய்வத்தோடு முன்பே உறவு கொண்டவர்கள். அந்த உறவை ஓசை நினைவூட்டியது, புதிதாக உண்டாக்கவில்லை. நினைவூட்டும் ஆற்றல் சிறிதன்று. ஆயினும் கொடையில் பதிவான பாடல்கள் விழா தொடங்கியதை ஊருக்கு அறிவிக்கப் பயன்பட, தெய்வத்தை அழைக்கும் வேளை வந்ததும் உயிருள்ள குரலும் மேளமுமே முன்வருவதைக் காண்கையில், அறிவிப்பதற்கும் அழைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை வழிபடுவோர் நன்கு உணர்ந்திருக்கின்றனர் என்பது தெளிவாகிறது.

பிற சமயங்களும் ஏறத்தாழ இம்முடிவுக்கே வந்துள்ளன. குர்ஆனின் சில வசனங்களை ஓதக் கேட்டால் ஸஜ்தா என்னும் சிரவணக்கம் செய்ய வேண்டும் என்பது இஸ்லாமிய மரபு. எதிரொலியிலோ பறவை கற்றுச் சொல்லியோ அவ்வசனத்தைக் கேட்டால் அக்கடமை ஏற்படாது என்று ஹனஃபி சட்ட நூலார் முன்பே வகுத்திருந்தனர், பிற்கால அறிஞர் பலர் அவ்விதியை ஒலிப்பதிவுக்கும் நீட்டினர். கத்தோலிக்கத் திருச்சபையில், நோயுற்றோர்க்குத் தொலைக்காட்சித் திருப்பலி ஆறுதலாகக் கொள்ளப்பட்டாலும், ஞாயிறு திருப்பலியில் பங்கேற்கும் கடமை அதைப் பார்ப்பதால் நிறைவேறியதாகக் கருதப்படுவதில்லை. கொடைத் திடலிலும் கடற்கரைத் தேவாலயத்திலும் பள்ளிவாசலிலும் கேட்கும் விடை ஒன்றே: பதிவு வழிபாட்டுக்கு மாற்றாகாது.

வழிபாட்டுக்கு மாற்றாகாத ஒன்றை ஏன் பதிந்துவைக்க வேண்டும் என்ற கேள்விக்குத் திருமுறைகளின் வரலாறு தரும் பாடம் உள்ளத்தைச் சுடுவது. தேவார மூவர் பாடிய பதிக ஏடுகள் தில்லையில் கரையான் அரித்ததுபோக எஞ்சிய நிலையில் மீட்கப்பட்டன என்றும், சொற்கள் கிடைத்தும் பண் இன்னதென அறியமுடியாமற் போகவே, திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக்கொண்டு பண் அடைவு செய்யப்பட்டது என்றும் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. எழுத்து சொல்லைக் காத்தது, ஆனால் இசையைக் காக்க ஓர் உயிருள்ள மரபு தேவைப்பட்டது. அம்மரபில் ஒருவரும் எஞ்சியிராவிட்டால் தேவாரம் வெறும் செய்யுளாகவே நம்மை அடைந்திருக்கும். நெல்லைச் சீமையின் கதைப்பாடல்களுக்கும் இந்த இடர் உண்டு. நாங்குநேரியில் பிறந்த பேராசிரியர் நா. வானமாமலை முத்துப்பட்டன் கதை, ஐவர் ராசாக்கள் கதை முதலியவற்றைப் பதிப்பித்து அவற்றின் சொல்வடிவைக் காத்தார்; பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் இவ்வழக்காறுகளைப் பாடமாகவும் ஆய்வாகவும் வளர்த்தது. எனினும் அச்சில் உள்ள கதையை ஓர் ஊரின் அண்ணாவி எந்த மெட்டில் எடுத்தார், எங்கே மூச்சை நிறுத்தினார், எந்த வரியில் குடம் ஓய்ந்தது என்பதை அச்சு சொல்லாது. அவற்றைச் சொல்லக்கூடியது பதிவு ஒன்றே. அது தெய்வத்தின் இருப்பிடமாகாவிட்டாலும் தெய்வத்தை அழைத்த குரலுக்குச் சாட்சியாகிறது. சாட்சிக்குரிய அறம் உண்மை.

பதிவைச் சாட்சி என்று கொண்டால், புதிதாகத் தொடங்குவோரின் கருவித் தேர்வும் பயன்பாடும் அறத்தின் பாற்பட்டவை ஆகின்றன. தொடக்கத்துக்கு ஒரு மைக், ஒன்றோ இரண்டோ உள்ளீடு கொண்ட ஓர் இன்டர்ஃபேஸ், காதை முழுதும் மூடும் ஹெட்போன், தாங்கி, கம்பி, ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள் ஆகியவையே போதும். மின்விசிறியும் தெருவோசையும் நிறைந்த வீட்டில் அருகிலுள்ள குரலை மட்டும் பெரிதும் வாங்கும் டைனமிக் மைக் ஏற்றது. அமைதியான அறையில் மூச்சின் நுண்மையையும் பிடிக்கும் கண்டென்சர் ஏற்றது. காங்கிரீட் கூரையும் வழுவழுப்பான தரையும் கொண்ட அறையில் சுவர்கள் ஒலியைத் திருப்பி எறிவதால், மெத்தையும் கனத்த போர்வையும் துணி நிறைந்த அலமாரியும் சுற்றிலும் இருக்குமாறு அமைத்துக்கொள்வது, விலையுயர்ந்த இரண்டாவது மைக்கை வாங்குவதைவிடப் பயன் தரும். கொடைத் திடலில் பதிய விரும்புவோர்க்கு இரண்டு மைக்குகள் உள்ளமைந்த கைப்பதிவுக் கருவி பொருந்தும்.

ராதாபுரம், பணகுடிப் பகுதிகளில் காற்றாலைகள் நிறைந்திருப்பதற்குக் காரணமான மேல்காற்று பதிவுக்கு முதற்பகை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே ஆனி, ஆடி மாதங்களில் வீசும் அக்காற்று மைக்கின் தகட்டை நேரடியாகத் தாக்கினால் பாட்டு இரைச்சலில் மூழ்கிவிடும். மைக்குக்கு நுரையுறையும், வெளியிடத்தில் அதன்மேல் மயிருறையும் இட்டு, மறைவான இடத்தில் வைப்பது இன்றியமையாதது. ஒலியளவை முன்கூட்டியே தாழ்த்தி, மிக ஓங்கிய ஒலியும் கருவி ஏற்கும் எல்லைக்கு 12 டெசிபல் கீழே நிற்குமாறு அமைத்துக்கொள்ள வேண்டும். குலவையும் குடத்தின் அடியும் திடீரென எழும்போது எல்லை மீறினால் அலையின் உச்சி வெட்டுண்டு போகும், அவ்வாறு வெட்டுண்டதை உள்ளபடி மீட்க எந்த மென்பொருளாலும் இயலாது. ஒலிபெருக்கிக் கலவைப் பெட்டியிலிருந்து நேரடியாகக் கம்பி இழுத்தால் பாடுவோரின் குரல் தெளிவாகக் கிடைக்கும், ஆனால் குலவையும் கூட்டத்தின் மூச்சும் விலகிவிடும். அழைப்புக்கு மறுமொழி தந்தவர்கள் இல்லாத சாட்சியம் பாதிச் சாட்சியமே ஆதலால், கேட்போர் அமர்ந்த இடத்திலும் ஒரு கருவி இருப்பது நல்லது. எங்கே வைத்தாலும் பாடுவோருக்கும் தெய்வத்தின் நிலைக்கும் இடையே அது குறுக்கிடலாகாது.

பதிந்ததைக் காக்கும் முறையிலும் இதே பொறுப்பு உண்டு. எம்பி3 வடிவம், செவி கவனிக்காது எனக் கணக்கிட்ட நுண்ணொலிகளை நீக்கிக் கோப்பைச் சிறிதாக்குகிறது. பகிர்வதற்கு அது போதும், ஆனால் எது தேவையற்றது என்பதை வருங்காலத் தலைமுறைக்காக இன்றைய கணக்கு முடிவு செய்துவிடக் கூடாது. மூலப் பதிவை வேவ் வடிவில், 24 பிட், நொடிக்கு 48,000 அளவுகள் என்னும் தரத்தில் வைத்தால், இரு தடங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபி இடம் வேண்டும். இரவு முழுதும் நீளும் வில்லுப்பாட்டும் ஒரு சிறு நினைவட்டையில் அடங்கும். அதன் இரண்டு படிகளை வெவ்வேறு வீடுகளில் வைத்து, ஊர், நாள், கோயில், கதையின் பெயர், பாடியோர் பெயர் ஆகியவற்றை அவர்கள் இசைவுடன் எழுதி இணைக்க வேண்டும். குரலைத் திருத்திச் சுருதியை நேராக்கும் மென்பொருள்களை இத்தகைய பதிவின் மூலப்படியில் தொடலாகாது. கம்மிய குரலும் விடியற்காலைக் களைப்பும் அவ்வழிபாட்டின் பகுதிகளே.

எல்லாவற்றுக்கும் முன்னதாக அனுமதி வேண்டும். அருள் வந்த நிலையில் உள்ளவரின் கூற்றும் அழுகையும் ஊருக்கும் தெய்வத்துக்கும் இடையே நிகழ்பவை. அவற்றைப் பதியலாமா, பதிந்ததை வெளியே ஒலிக்கலாமா என்பதைக் கோயிலுக்குரியோரும் பாடுவோரும் முடிவு செய்ய வேண்டும். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் செய்யப்பட்ட திருத்தம் நிகழ்த்துநருக்குத் தனி உரிமை வழங்கியது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம், தம் பெயர் குறிக்கப்படவும் தம் நிகழ்த்தல் சிதைக்கப்படாதிருக்கவும் அவர்களுக்கு உள்ள உரிமையைச் சேர்த்தது. கொடைப் பாடகர்களும் இச்சட்டத்தின் காப்புக்கு உரியவர்களே. அவர்கள் மறுத்தால் கருவியை அணைத்துவிடுவதே கடமை. பதியப்படாமற் போன பாட்டு இழப்புத்தான் என்றாலும், இசைவின்றிப் பதிந்த பாட்டு நம்பிக்கைக்குச் செய்த தீங்காகும்.

பதிவான பாட்டில் தெய்வம் உண்டா என்ற வினாவுக்கு, தெய்வத்தை அழைத்தவர்களின் உண்மை அதில் உண்டு, அந்த உண்மையைக் குறையாமல் காக்கும் கடன் பதிந்தவருக்கு உண்டு என்பதே தகுந்த விடை. எனவே முதல் மைக்கை வாங்கும் இளைஞர்கள் தம் குரலைப் பதிந்து பழகிய கையோடு, தம் ஊரில் கதை முழுவதையும் மனப்பாடமாகப் பாட வல்ல முதிய அண்ணாவியிடம் சென்று, இசைவு பெற்று, அவர் பாடுவதைப் பதிந்து, முதற்படியை அவர் கையிலேயே கொடுக்க வேண்டும். அதைக் கேட்டுப் பழகும் சிறுவர்கள் நாளை வீசுகோலை எடுத்துக் கொடையில் தாமே பாடினால்தான் அப்பதிவு தன் பணியைச் செய்ததாகும்.